பட்டுப் பாதம்

உலகத்தில் பொருள் செய்கிறவனுக்குப் பேர் உண்டு, புகழ் உண்டு. செய்த பொருளை உடைத்துப் பார்க்கிறவனை யாரும் கூப்பிட்டுக் கைகுலுக்குவதில்லை. நம் ஆளுக்கு வாய்த்தது இரண்டாவது வேலை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறையில், ஆள் உயர இயந்திரம் ஒன்று நிற்கிறது. மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை. நடுவில் எதைக் கொடுத்தாலும் கடித்துக்கொண்டு, அறும்வரை இழுக்கும். பிளாஸ்டிக், ரப்பர், பெல்ட், கயிறு என்று பத்தொன்பது வருஷமாக அவன் அதில் கொடுத்து அறுத்ததைக் குவித்தால் ஒரு குன்று வரும். கூடத்தில் அவனுக்கு 'உடைசல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு 'உடைசல் சார்' என்று மரியாதையும் சேர்த்து நேரிலேயே சொன்னார்கள். அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

உடைசலுக்கு ஒரு கர்வம் இருந்தது. தன் பொருள் நல்ல பொருள்தான், இயந்திரம்தான் கோளாறு என்று யாராவது மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தால், "மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது" என்பான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

அதே கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் அவனுடைய அண்ணி வேலை பார்த்தார். கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பட்டுப்புழு கட்டும் கூட்டை வைத்துக்கொண்டு, துணி நெய்வதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று பார்ப்பது அவருடைய பிரிவு. கூட்டை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, சலவை சோடா போட்ட கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைப்பார். இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை கரைந்து, பட்டு மட்டும் வெள்ளை வெளேரென்று மிஞ்சும். அதைச் சிக்கெடுத்து மெல்லிய விரிப்பாக்கி, லேசாக ஈரம் தெளித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார். ஒரு சொட்டுக் கோந்து கிடையாது. சூட்டிலும் அழுத்தத்திலும் அடுக்குகள் தாமாகவே ஒன்றோடொன்று கூடித் தகடாகிவிடும். தேன் நிறத்தில், தட்டினால் மரம் போலச் சத்தம் வரும்.

"புழு எச்சில்ல தகடு பண்றீங்க அண்ணி" என்று உடைசல் சீண்டுவான்.

"உங்களால அப்படி ஒரு எச்சில் துப்ப முடியுமா தம்பி? முடிஞ்சா சொல்லுங்க, புழுவை விட்டுட்டு உங்களையே வளர்க்கறேன்" என்பார் அண்ணி.

இந்தத் தகட்டில் அண்ணி செய்ய நினைத்த பொருள் ஒரு பாதம். யாருக்கு என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனிதர் குடியிருந்தது, லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார். பதினொரு வருஷத்துக்கு முன்பு வேலை செய்யும்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு ஆறே மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். கால் போனதற்கு அவர் கலங்கியதில்லை. கலங்கடித்தது போன வருஷம் நடந்த இன்னொன்று. ஒரு காலை நேரத்தில் படி இறங்கும்போது, செயற்கைக் காலின் பிளாஸ்டிக் பாதம் 'டப்' என்று இரண்டாகப் போனது. முன்னால் ஒரு சத்தம் இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. பன்னிரண்டு படி உருண்டார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

எலும்பு கூடிவிட்டது, மனிதர் கூடவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த புதுப் பிளாஸ்டிக் பாதத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. பத்து மாதமாக வீட்டுக்குள் ஊன்றுகோலோடு நடமாட்டம், ஜன்னல் ஓரம் நாற்காலி. ஊன்றுகோலோடு படி இறங்கலாமே என்றால், "இறங்கலாம், ஏறலாம், குரங்கு கூடத்தான் பண்ணுது" என்பார். லிஃப்ட் கம்பெனியிலிருந்து போன் வந்தால் அண்ணியைவிட்டு எடுக்கச் சொல்வார். மூன்றாம் மாடியில் ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தார். அண்ணி பட்டுத் தகட்டைப் பாத வடிவில் வளைத்து அழுத்த அச்சு ஒன்று செய்யச் சொல்லிப் பட்டறைக்கு எழுதிக்கொடுத்தார்.

தகட்டிலிருந்து வெட்டிய நாடாக்கள் உடைசலின் இயந்திரத்துக்கு வந்தன. பட்டு வழவழப்பானது, இரும்புத் தாடையில் நிற்காது. அதற்கு உடைசல் ஒரு வழி வைத்திருந்தான். தாடையின் உட்புறம் இருபக்க டேப் ஒட்டி, அதன்மேல் உப்புத்தாள் பதித்துவிடுவான். சொரசொரப்பில் நாடா கச்சிதமாக நிற்கும். அப்படி இழுத்தபோது திரையில் கோடு போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. நாடா நீண்டு கொடுத்துக்கொண்டே கடைசியில்தான் அறுந்தது. பிளாஸ்டிக்கைப்போல நான்கு மடங்கு பொறுமை. உடைசல் அன்றைக்கு இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினான்.

"அண்ணி, இது அறுந்துபோற ஜாதியே இல்ல. ரப்பர் மாதிரி குடுக்குது!"

"ரொம்பக் குடுத்தா பாதம் தொளதொளன்னு போயிடுமே" என்று அண்ணி கணக்குப் போட்டார். அதனால் பதினான்கு அடுக்கு வைத்துக் கனமாகப் பாதத்தை அழுத்தினார். உடைசல் அதை வாங்கி, அண்ணனின் எடையைப்போல மூன்று பங்கு எடையை அதன்மேல் இறக்கினான். உடையவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், அவனும் தட்டினான். இறக்கும்போது பாதம் எவ்வளவு வளைந்தது என்று ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை. உடைகிறதா இல்லையா என்பதைத் தவிர வேறு கேள்வி அவன் வாழ்க்கையிலேயே வந்ததில்லை, பாவம்.

அண்ணன் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். மூன்றாம் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"கட்டைடா இது. வைக்கற ஒவ்வொரு தடவையும் முழங்கால்ல வந்து இடிக்குது."

"அண்ணா, புதுசு அப்படித்தான் இருக்கும். இது வளையும். கட்டைவிரல் கனத்துக்கு வளையும். கிராஃப்ல இருக்கு."

"அப்ப உன் கிராஃபையே மாட்டிக்கிட்டு நடக்கறேன், குடு."

"நீ எதுக்குத்தான் குறை சொல்லாம இருந்திருக்க?"

"குறை இல்லாதப்ப" என்றார் அண்ணன்.

அண்ணி நடுவில் வந்து பேச்சை மாற்றினார். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. குறை சொல்லிக்கொண்டே என்றாலும் மனிதர் நடக்கிறார், ஊன்றுகோல் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. "வெள்ளிக்கிழமை படி இறங்கிப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கார் தம்பி. யார்கிட்டயும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்" என்று வாசல்வரை வந்து கிசுகிசுத்தார்.

உடைசலுக்கு அண்ணன் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. கோபமாகவும் இருந்தது. இயந்திரம் வளையும் என்கிறது, அண்ணன் வளையவில்லை என்கிறார். இரண்டில் ஒன்று பொய் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு வேலை ஓடாமல், குப்பைக் கூடையிலிருந்து பழைய பட்டு நாடா ஒன்றை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தான். அண்ணன் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் எடுத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தாடை கடித்திருந்த முனையில் உப்புத்தாளின் தடம் இருந்தது. கெட்டியாகக் கடித்திருந்தால் தடம் புள்ளி புள்ளியாக இருக்க வேண்டும். அங்கே இருந்தது நீள நீளமான கீறல், பூனை நகம் போட்டது மாதிரி. இன்னொன்றை எடுத்தான், அதிலும் கீறல். கூடையையே கவிழ்த்தான். எல்லாவற்றிலும் கீறல்.

புது நாடா ஒன்றை மாட்டி, தாடை விளிம்பு படுகிற இடத்தில் மேலேயும் கீழேயும் பேனாவால் ஒரு கோடு போட்டு, இழுக்க விட்டான். திரையில் வழக்கம்போலக் கோடு நீண்டுகொண்டே போனது. அவன் திரையைப் பார்க்கவில்லை, நாடாவைப் பார்த்தான். விளிம்பில் இருந்த பேனாக் கோடு மெதுவாகத் தாடையைவிட்டு வெளியே நழுவி வந்துகொண்டிருந்தது. டேப் இளகி, உப்புத்தாள் நகர்ந்து, நாடா வழுக்கிக்கொண்டிருந்தது. பட்டு நீளவே இல்லை. வழுக்கினதை நீண்டது என்று இயந்திரம் எழுதியிருக்கிறது, அவன் மாடிக்கு ஓடியிருக்கிறான்.

இப்போது நாடா நிஜமாக எப்படி அறும்? நாடாவின் இரு முனையிலும் அட்டைத் துண்டுகளை வலுவான கோந்தால் ஒட்டி, டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, அட்டையைத் தாடையில் கொடுத்தான். கொஞ்சம்கூட நீளவில்லை. விறைத்து நின்று, ஒரே நொடியில் 'டப்' என்றது.

படியில் அண்ணனின் பாதம் போட்ட அதே சத்தம். அவன் நேரில் கேட்டதில்லை. அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

போனை எடுத்து அண்ணனை அழைத்தான். வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. நான்காவது முறை மணி அடித்தபோது அண்ணன் எடுத்தார். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

"டேய், எங்கே நிக்கறேன் சொல்லு பார்க்கலாம்!"

"அண்ணா, காலைக் கழட்டு."

"என்னது?"

"இருக்கற இடத்துலயே உட்காரு. கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. எடை வைக்காத அதுமேல. அண்ணா, சொல்றதைக் கேளு, தயவுசெஞ்சு உட்காரு!"

சிமெண்டில் துணி உரசும் சத்தம் கேட்டது.

"உட்கார்ந்துட்டேன்" என்றார் அண்ணன். "ஒன்பது படி இறங்கியிருந்தேன்டா. உங்க அண்ணி வந்ததும் கீழ நின்னு வரவேற்கலாம்னு."

உடைசல் மாடிக்குப் போய் அண்ணியிடம் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அந்த முகத்துக்கு முன்னால் முடிந்திருக்காது. டேப் ஒட்டினது நான், உப்புத்தாள் பதித்தது நான், அண்ணன் சொன்னபோது வாயை அடைத்ததும் நான் என்று எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணி கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க இருக்கார்?"

"படியில. உட்கார்ந்திருக்கார்."

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

அன்றைக்கு அண்ணன் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறி வீட்டுக்குப் போனாராம். தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். காலைக் கழற்றி மேசைக்கடியில் போட்டவர், தம்பியின் பெயரை எடுக்கவில்லை. இதையெல்லாம் திங்கட்கிழமை அண்ணி வந்து சொன்னார். சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

"சரி. அழுதது போதும், ரெண்டு பேரும்தான். இப்ப நிஜத்தை அளந்து காட்டுங்க. முதல்லேருந்து, எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? அதே தகடுகள்லேருந்து எழுபது நாடா திரும்ப வெட்டணுமே அண்ணி."

"ஏன், உடைக்கக் கசக்குதா?"

ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் நான்கு அட்டைத் துண்டு. ஒட்டி, ஒரு நாள் காயவைத்து, பேனாக் கோடு போட்டு, கோடு நகர்கிறதா என்று அண்ணி ஒரு கண்ணாலும் அவன் ஒரு கண்ணாலும் பார்த்தபடி இழுத்தார்கள். முதல் இரண்டு வாரம் சாவு வீடு மாதிரி இருந்தது. எதைக் கொடுத்தாலும் 'டப்'. துறைத்தலைவி அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "போன மாசம் கைதட்டினோமே, அது எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். உடைசல் தலையைக் குனிந்துகொண்டான். நியாயமான கேள்விதான்.

மூன்றாவது வாரம் ஒரு நாடா 'டப்' என்று சொல்லவில்லை.

'கிர்ர்ர்' என்றது. கோடு மேலே ஏறி, ஓரிடத்தில் தடுமாறி, சாய்ந்து, மறுபடி தாக்குப்பிடித்தது. நாடாவின் நடுவில் வெள்ளையாக ஒரு பூ மலர்ந்தது. இழை இழையாகப் பிரிந்தது, ஆனால் விடவில்லை. இரண்டு பேரும் பேனாக் கோட்டைப் பார்த்தார்கள். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது.

"எந்தக் கூடு இது?" என்றான் உடைசல்.

அண்ணி நாடாவோடு வந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "இது ஒதுக்கி வச்சது தம்பி. அன்னைக்குக் கரண்ட் போயிடுச்சு. பத்து நிமிஷம்தான் வெந்தது. பசை முழுசா போகல, பழுப்பா இருக்குன்னு ஓரமா வச்சேன். எண்ணிக்கைக்குத்தான் அனுப்பினேன்."

"இந்தத் தகட்டு நாடாவைப் போன தடவையும் இழுத்தேனே! மத்தது மாதிரியேதான் வந்துச்சு."

சொன்ன வாய் மூடவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வழுக்குகிற தாடையில் நல்ல நாடாவும் வழுக்கியது, கெட்ட நாடாவும் வழுக்கியது. எல்லாம் ஒரே மாதிரி நல்ல பேர் வாங்கிக்கொண்டு போயின. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று அண்ணி அரை மணி நேரம் கொதிக்க வைத்து, சோடாவில் இழையின் உயிரையே எடுத்துக்கொண்டிருந்தார். அது தப்பு என்று சொல்ல வேண்டிய இயந்திரத்தின் வாயில் அவன் டேப்பை ஒட்டியிருந்தான்.

"வெள்ளையா இருந்தா நல்லதுன்னு நினைச்சேன் பாருங்க" என்றார் அண்ணி. சொல்லிவிட்டுச் சிரித்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான். உடைசலுக்கு அழுகை வந்தது, அவனும் சிரித்துவைத்தான்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று ஓடியது. பத்து நிமிஷம் வெந்த பட்டில் தகடு அழுத்தினார்கள். நிஜமான அளவு கையில் இருந்ததால் பதினான்கு அடுக்கு தேவையில்லை, ஒன்பதே போதும் என்று தெரிந்தது. மெலிந்த பாதம் வில் மாதிரி வளைந்து நிமிர்ந்தது. இந்த முறை உடைசல் குனிந்து, அளவுகோலை வைத்து, வளைவதைப் பார்த்தான். ஒரு பாதத்தை நடக்கிற வேகத்தில் இரண்டு லட்சம் தடவை அமுக்கச் சொல்லி இன்னோர் இயந்திரத்தில் விட்டான். அது மூன்று நாள் இரவும் பகலும் தையல் இயந்திரம் மாதிரி ஓடி முடிந்தது. பாதத்தில் கீறல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். இரண்டு மாதமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் ஜன்னல் ஓரத்தில் இருந்தார், திரும்பவில்லை.

"அண்ணா, இது வேற. இந்தத் தடவை நிஜமாவே..."

"போன தடவையும் நிஜம்னுதான் சொன்னே."

"தப்புதான். என் தப்புதான். ஆனா இப்ப எல்லாத்தையும் திரும்ப அளந்துட்டோம். ரெண்டு லட்சம் தடவை..."

"எண் சொல்லாதடா." அண்ணன் திரும்பினார். கோபம் இருக்கும் என்று நினைத்தான். இருந்தது பயம். அண்ணனின் முகத்தில் அவன் அதுவரை பார்த்திராத பயம், ஒளிக்காமல் இருந்தது. "நான் விழுவேனான்னு பயப்படல. எது வேணா ஒரு நாள் உடையும், எனக்குத் தெரியும். சொல்லாம உடையுது பாரு, அதான் என்னால முடியல. அன்னைக்கு உன் பட்டுப் பாதத்துல ஒவ்வொரு தடவை கால் வைக்கும்போதும் காதைத் தீட்டிக்கிட்டே நடந்தேன். காதுக்கு ஒண்ணும் வரல. பிளாஸ்டிக்கும் இப்படித்தான் சொல்லாம அதுபாட்டுக்குப் போச்சு."

பத்தொன்பது வருஷம் உடைத்தவனிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எவ்வளவில் உடையும் என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி உடையும் என்று கேட்டதில்லை.

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்றார் அண்ணன்.

"கூடத்துல இருக்கு."

"எடுத்துட்டு வா. ஒண்ணு உடைக்க, ஒண்ணு போட. உன் மெஷின் வேண்டாம். என் வைஸ்ல, என் கையால."

அண்ணியே போய் எடுத்துவந்தார். மேசை ஓரத்தில், பொருளை இறுக்கிப் பிடிக்கிற அண்ணனின் பழைய இரும்பு வைஸ், ஒரு வருஷத் தூசியோடு இருந்தது. அண்ணன் அதைத் துடைத்து, முதலில் பெட்டியிலிருந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் பாதத்தை எடுத்து அதன் நடுவில் இறுக்கினார். முனையில் ஓர் ஆள் உயர இரும்புக் குழாயைச் செருகி, ஒற்றைக் காலில் நின்று, மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, குழாயின்மேல் எடையைப் போட்டார். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். டப். பாதி பாதம் அறையின் மூலைக்குப் பறந்தது. அண்ணன் குழாயோடு முன்னால் சரிந்தார். உடைசலும் அண்ணியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்ப அது" என்றார் அண்ணன்.

பட்டுப் பாதத்தை இறுக்கினார். அதே குழாய், அதே எடை. பாதம் வளைந்தது. பிளாஸ்டிக் போன இடத்தைத் தாண்டி இன்னும் வளைந்தது. அண்ணன் முழு உடம்பையும் போட்டார். போதாது என்று, "டேய், வந்து தொங்கு" என்றார். உடைசல் குழாயின் நுனியைப் பிடித்துத் தொங்கினான். அப்போது வந்தது சத்தம். மெல்லிசாக, கிர்ர்ர் என்று. அண்ணன் தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"விடாத. அப்படியே இரு." உதடு அசைய எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தேன் நிறத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடின. ஓர் அடுக்கு பிரிந்தது, சத்தம் பெரிதானது. எட்டு, ஒன்பது. இன்னோர் அடுக்கு. உடைசலின் கை வலித்தது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. பாதம் நார் நாராகி, துடைப்பம் மாதிரி விரிந்து, தொய்ந்தது. இரண்டாகப் போகவில்லை. குழாய் மெதுவாகத் தரையைத் தொட்டது. யாரும் விழவில்லை.

அண்ணன் வைஸைத் தளர்த்தி, கிழிந்த பாதத்தை எடுத்து நாரை விரலால் பிரித்துப் பார்த்தார். வேலைக்காரனின் கண் வந்திருந்தது அந்த முகத்தில்.

"லிஃப்ட் கயிறுடா இது" என்றார். "நாங்க கயிறு எப்ப மாத்துவோம் தெரியுமா? அறுந்த அப்புறம் இல்ல. ஒரு சாண் நீளத்துல எத்தனை கம்பி தெறிச்சிருக்குன்னு எண்ணுவோம். இத்தனைக்கு மேல போனா மாத்து. அதனாலதான் ஜனங்க நிம்மதியா ஏறி இறங்கறாங்க. கயிறு சொல்லும், நாம கேட்டுக்கணும்." நாரை அண்ணியிடம் நீட்டினார். "இதுவும் சொல்லுது. இருபத்திரண்டு எண்ணுறதுக்குள்ள நான் கைப்பிடியைப் பிடிச்சு, உட்கார்ந்து, உங்க எல்லாரையும் திட்டியே முடிச்சிடுவேன்."

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திட்டறதுல மட்டும் குறை வைக்க மாட்டீங்க" என்றார்.

"இன்னொண்ணு எங்க? மாட்டு."

காலில் பாதத்தைப் பொருத்தித் திருகாணி முடுக்கினார்கள். அண்ணன் எழுந்து நின்றார், அறைக்குள் நான்கு எட்டு நடந்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். குறை ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து படிக்கு வந்தார்.

"யாரும் முன்னாடி போகாதீங்க. பிடிக்கவும் வேண்டாம்."

உடைசலும் அண்ணியும் மேலேயே நின்றார்கள். அண்ணன் வலது கையால் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு இறங்கினார். முதல் படி, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு படியிலும் பாதம் வளைந்து நிமிர்வது மேலிருந்தே தெரிந்தது. முதல் வளைவைத் தாண்டினார். அடுத்த வரிசையின் பாதியில், எங்கோ 'கிர்ர்' என்று ஒரு சத்தம்.

அண்ணி உடைசலின் கையை நகம் பதியப் பிடித்தார். 'நில்லு, உட்காரு' என்று உடைசலின் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை அங்கேயே நிறுத்தினான். சொல்வதற்கு இப்போது அவன் தேவையில்லை.

அண்ணன் நின்றார். தலையைச் சாய்த்தார். எடையை மெதுவாகப் பாதத்தின்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவசரமே இல்லாமல் கேட்டார். பிறகு கையை மட்டும் அசைத்தார். கிர்ர்.

"கைப்பிடி" என்று மேலே பார்க்காமலே சொன்னார். "ஆணி லூஸு." அடுத்த படியில் காலை வைத்தார்.